தண்ணீரில் ஈயம் தேடும் சென்சார் தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் தொழிற்பேட்டையான துவாஸிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். தொழிற்சாலைக் கழிவுநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். "அண்ணா, காலையிலிருந்து பதினாறு மாதிரி அளந்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஈயம் பூஜ்யம், காட்மியம் பூஜ்யம். அறிக்கையில் எழுதிவிடலாமா?" என்று கேட்டார். எழுத வேண்டாம், மாதிரிகளை ஓரமாக வைத்துவிட்டு உங்களிடம் இருக்கும், ஈயத்தின் அளவு தெரிந்த திட்டக் கரைசலை அளந்து பாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும்படி அவரே கலந்து வைத்த கரைசலுக்கும் கருவி பூஜ்யம்தான் காட்டியது.

கன உலோகத்தைத் தேடும் கருவி பழுதானால், பெரும்பாலும் நல்ல செய்தி சொல்லியபடிதான் பழுதாகும். அலறாது, விளக்கு எரியாது. "ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொல்லும். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; காட்மியத்துக்கு 3; கனிம வடிவப் பாதரசத்துக்கு 6; ஆர்சனிக்குக்கு 10. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய பொருளைத் தேடும்போது ஒரு கையுறையும் ஒரு பாட்டில் மூடியும்கூட விடையை மாற்றிவிடும். அதனால்தான் என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும், ஜூரோங், துவாஸ் பக்கம் வேலை செய்யும் நம் தம்பிமார்களுக்கும் கைக்கு அருகில் இருக்கட்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

நான் பெரும்பாலும் பேசப்போவது, கார்பன் அச்சிட்ட மின்முனைப் பட்டையைச் செருகிப் பயன்படுத்தும் கையடக்கக் கருவியைப் பற்றி. உண்டியல் மாதிரிதான் அது வேலை செய்கிறது. முதலில் மின்முனையில் சுமார் −1.2 வோல்ட் அழுத்தம் கொடுத்து, கரைசலைக் கலக்கியபடி இரண்டு நிமிடம் காத்திருக்கிறோம். நீரில் சிதறிக் கிடக்கும் உலோக அயனிகள் ஒவ்வொன்றாக வந்து மின்முனையின் மேல் உலோகமாகப் படிகின்றன. பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக நேர்த்திசைக்கு ஏற்றுகிறோம். சேர்ந்ததெல்லாம் அவற்றுக்குரிய அழுத்தம் வந்ததும் ஒரே மூச்சில் கரைந்து வெளியேறும். திரையில் அது ஒரு முகடாக எழும். துத்தநாகம் −1.1 வோல்ட் பக்கம், காட்மியம் −0.8, ஈயம் −0.55, செம்பு பூஜ்யத்துக்கு அருகில். முகடு நிற்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்லும். உயரம் எவ்வளவு என்று சொல்லும்.

இதன் மூதாதை, யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் உருவாக்கிய போலரோகிராஃபி. அதற்காக 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்தியது சொட்டும் பாதரசம். நஞ்சைத் தேட நஞ்சையே வைத்திருந்த அந்த முறைக்கு மாற்றாக, 2000ஆம் ஆண்டு பிஸ்மத் படலம் பூசிய மின்முனை வந்தது. இப்போது நம் கையில் இருக்கும் பட்டைகளில் பலவும் அந்த வழியில் வந்தவைதான். மாதிரியோடு கொஞ்சம் பிஸ்மத் கரைசலைக் கலந்தால் அதுவும் கூடவே படிந்து, ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நல்ல இருக்கை அமைத்துக் கொடுக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று பாட்டில்

ஒன்று, வெற்றுக் கரைசல்: அயனி நீக்கிய நீரும், பிஎச் (அமில அளவு) மாறாமல் பிடித்து வைக்கும் அசிட்டேட் தாங்கல் கரைசலும் மட்டும். இரண்டு, அளவு தெரிந்த திட்டக் கரைசல். மூன்று, உங்கள் மாதிரியோடு அளவு தெரிந்த ஈயத்தைச் சேர்த்தது. வெற்றுக் கரைசலில் முகடு எழுந்தால் குற்றம் பாத்திரத்திலோ வேதிப்பொருளிலோ இருக்கிறது. திட்டக் கரைசலில் முகடு எழாவிட்டால் குற்றம் கருவியிலோ பட்டையிலோ. இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் குறைத்துக் காட்டினால் குற்றம் மாதிரி நீரில். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பட்டையை மாற்றுவது, கருவியைத் திறப்பது, விற்றவரைத் திட்டுவது எல்லாம் இருட்டில் துழாவுவதுதான்.

அறிகுறி: எதை வைத்தாலும் பூஜ்யம்

துவாஸ் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் ஏமாந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: ஈயமும் காட்மியமும் வரவில்லையே தவிர, செம்பின் முகடு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கருவிக்கு உயிர் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அளவீட்டு முறையின் அமைப்புகளைத் திரையில் திறந்து, ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்கச் சொன்னேன். "படிவு அழுத்தம், மைனஸ் 0.2" என்று படித்தார். அங்கேயே விடை கிடைத்தது. −1.2 என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ −0.2 என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் செம்பு படியும்; ஈயமும் காட்மியமும் மின்முனையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓர் இலக்கம்தான் பதினாறு மாதிரியையும் வீணாக்கியது.

இதைவிட மோசமானது மைனஸ் குறியே விட்டுப்போவது. +1.2 வோல்ட்டில் கார்பன் பரப்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிடும். அந்தப் பட்டையைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

அமைப்புகள் சரி என்றால் அடுத்து இணைப்பு. பட்டையின் பின்முனையில் மூன்று கோடுகள் இருக்கும். விரல் ஈரமோ உப்போ அங்கே பட்டிருந்தால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இணைப்பானின் உள்ளே மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள்.

அடுத்தது அமிலம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மாதிரி கெடாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2க்குக் கீழே இறக்கி வைக்கிறோம். அது சரியான நடைமுறைதான். ஆனால் அந்த மாதிரியை அப்படியே தாங்கல் கரைசலில் கலந்தால், 0.1 மோலார் அசிட்டேட்டால் அவ்வளவு அமிலத்தைத் தாங்க முடியாது. பிஎச் 4.5 என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது உண்மையில் 2 இருக்கும். −1.2 வோல்ட் கொடுத்ததும் ஹைட்ரஜன் கிளம்பும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, பட்டையின் கறுப்பு வட்டத்தை உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஓரத்தில் முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரே பெரிய குமிழாக வட்டத்தை மூடிக்கொண்டு நிற்கும். குமிழுக்கு அடியில் நீர் இல்லை. நீர் இல்லாத இடத்தில் உலோகம் எப்படிப் படியும்? சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் தாளில் தொட்டுப் பார்த்து 4.5க்குக் கொண்டுவந்த பிறகு அளந்தால் முகடு திரும்பும். அதற்காக மறுபக்கம் போய் நடுநிலைக்கு ஏற்றிவிடவும் கூடாது. அங்கே பிஸ்மத் ஹைட்ராக்சைடாகத் திரிந்து பிரிந்துவிடும், படலமே உருவாகாது.

திட்டக் கரைசலில் நன்றாக வருகிறது, மாதிரியில் மட்டும் பூஜ்யம் என்றால், உலோகம் நீரில் இல்லாமல் பாட்டில் சுவரில் இருக்கலாம். அமிலம் சேர்க்காமல் கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு நாள் வைத்த நடுநிலை நீரில், ஈயம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் பாட்டிலில் எடுங்கள். அமிலம் சேர்க்கத் தாமதமாகிவிட்டால், சேர்த்த பிறகு 24 மணி நேரம் அதே பாட்டிலில் விட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். ஒட்டியதும் கரைந்து வரும்.

அறிகுறி: வெற்றுக் கரைசலிலேயே முகடு எழுகிறது

வேலியே பயிரை மேய்ந்த கதை இது. மாதிரியைக் காக்க நாம் வைத்திருக்கும் பொருள்தான் உலோகத்தைக் கொட்டுகிறது. தூள் பூசிய கையுறையிலிருந்து துத்தநாகம் வரும். மஞ்சள் நிறப் பிப்பெட் முனைகள் சிலவற்றில் நிறமியிலிருந்து காட்மியம் கசியும்; நிறமில்லாத முனைக்கு மாறுங்கள். வண்ண மூடி, உள்ளே பசையிட்ட அட்டை வைத்த மூடி இரண்டும் வேண்டாம். அதே அறையில் யாராவது சால்டரிங் செய்கிறார்களா என்று பாருங்கள்.

தீர்வு அலுப்பானது, ஆனால் தவறாதது. எல்லாப் பாட்டிலையும் முனையையும் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று நான்கு முறை அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள். காகிதத் துணியால் உள்ளே துடைக்காதீர்கள். அமிலத் தொட்டிக்கு அருகில் போகும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிறகும் முகடு இருந்தால் வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பிஸ்மத் கரைசலின் தூய்மைதான் நான் முதலில் சந்தேகப்படுவது. அதில் சிறிதளவு ஈயம் கலந்திருப்பது அரிதன்று.

அறிகுறி: முகடு இடம் மாறி நிற்கிறது

நேற்று −0.55இல் நின்ற ஈயம் இன்று −0.62இல் நிற்கிறது. புது உலோகம் வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். அழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ, அந்த ஒப்பீட்டு மின்முனைதான் நகர்ந்திருக்கிறது. பட்டையில் இருக்கும் வெள்ளிக் கோடு கரைசலில் உள்ள குளோரைடை நம்பி நிற்பது. குளோரைடு பத்து மடங்கு குறைந்தால் அதன் அழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் நேர்த்திசையில் ஏறும். எல்லா முகடுகளும் அதே அளவு எதிர்த்திசையில் நகர்ந்தது போலத் தெரியும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை சற்றுக் கூடுதல், ஏனென்றால் ஒரே நாளில் நாம் அளக்கும் நீர்வகைகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. 2003 முதல் நமக்குக் கிடைத்துவரும் புதுநீர் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர்), சவ்வூடு தள்ளப்பட்டு வருவதால் உப்பு மிகக் குறைந்த நீர். அதை அளந்த கையோடு ஜூரோங் கரையில் எடுத்த கடல்நீரை வைத்தால் அதே பட்டை வேறு பாஷை பேசும். புதுநீரில் உப்பு போதாமல் மின்கடத்தலும் குறையும். முகடு படுத்து அகன்று தெரியும்.

எல்லா மாதிரியிலும், வெற்றுக் கரைசலிலும்கூட, ஒரே அளவு பொட்டாசியம் குளோரைடு சேர்த்துவிடுங்கள். 0.1 மோலார் போதும். சேர்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், மாதிரியிலேயே ஈயத் திட்டக் கரைசல் சில சொட்டு விடுங்கள். இருக்கும் முகடே உயர்ந்தால் அது ஈயம். பக்கத்தில் இன்னொரு முகடு முளைத்தால் முதலில் பார்த்தது வேறு ஏதோ.

அறிகுறி: ஈயத்தின் இடத்தில் முகடு, ஆனால் ஈயம்தானா என்ற ஐயம்

எங்கள் புளோக்கில் ஆறாம் மாடிப் பெரியம்மா ஒருவர் ஒரு நாள் மாலை துணிப்பையோடு வந்தார். உள்ளே ஓர் ஈயச் சொம்பு. ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பியது. வாரத்துக்கு இரண்டு நாள் அதில்தான் ரசம். "தம்பி, ஈயம் விஷம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, பேரப்பிள்ளைக்கு இதில் ரசம் வைக்கலாமா?" என்று கேட்டார்.

நம் மொழியில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், நஞ்சு காரீயம். விலை குறைக்க வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால், புளியின் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த இரண்டும் மின்முனையிலும் ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் சங்கடம். அமிலக் கரைசலில் வெள்ளீயத்தின் முகடும் காரீயத்தின் முகடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் எழும்.

பீங்கான் பாத்திரங்களுக்கு உலகெங்கும் செய்யும் சோதனையையே எடுத்துக்கொண்டேன்: நான்கு விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைச் சொம்பில் ஊற்றி, 22 டிகிரியில் 24 மணி நேரம் மூடி வைப்பது. நம் வீட்டு வெப்பத்தில் 22 டிகிரி கிடைக்காது, குளிரூட்டிய அறை வேண்டும். மறுநாள் அந்த நீரை அளந்தபோது −0.5க்கு அருகில் ஒரு பருத்த முகடு வந்தது. வெள்ளீயச் சொம்பிலிருந்து வெள்ளீயம் வருவதில் வியப்பில்லை. அந்த முகட்டுக்குள் காரீயம் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிஎச் 4.6 அசிட்டேட்டில் வெள்ளீயத்தின் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகப் பிரிந்து போவதால் முகடு சுருங்கியது. முழுவதும் போகவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியம்மாவிடம், இந்தக் கருவியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, முடிவு வரும்வரை சொம்பை எடுத்து வையுங்கள் என்றேன். மாதிரியை ஐசிபி-எம்எஸ் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அந்த இயந்திரம் அணுவின் நிறையைப் பார்த்துப் பிரிக்கும். வெள்ளீயம் 118, 120 என்ற இடங்களில் நிற்கும். காரீயம் 206, 207, 208. அங்கே இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வழியே இல்லை. சால்டர் கலந்த கழிவுநீரை அளப்பவர்களுக்கும் இதே சொல்: வெள்ளீயம் இருக்கும் நீரில் ஈயத்தின் அளவை முகட்டை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

அறிகுறி: ஆய்வக முடிவைவிட நம் கருவி எப்போதும் குறைத்துக் காட்டுகிறது

மூன்றாவது பாட்டில் இங்கேதான் கைகொடுக்கும். நீர்த்தேக்க நீர், கால்வாய் நீர், குறிப்பாகக் கனமழைக்குப் பிறகு எடுத்த நீரில் இலைதழை மட்கிய கரிமப் பொருள்கள் கரைந்திருக்கும். அவை இரண்டு விதமாகக் கெடுக்கும்: ஈய அயனியைத் தம்மோடு கட்டிவைத்துக்கொள்ளும், மின்முனைமேல் படலம் போலப் படியும். சோப்பு கலந்த கழிவுநீரும் இப்படித்தான்.

ஒரு கணக்கு. 10 மில்லிலிட்டர் மாதிரியில் ஈய முகடு 0.8 மைக்ரோஆம்பியர். அளவு தெரிந்த தூய கரைசல்களை அளந்து நாம் போட்டு வைத்த அளவுத்திருத்தக் கோட்டின்படி, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் 0.4 மைக்ரோஆம்பியர். ஆகவே விடை 2 என்று கருவி காட்டும். இப்போது அதே மாதிரியில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள திட்டக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சேர்க்கிறோம். அதாவது லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கூடுகிறது. முகடு 2.8 ஆக வேண்டும். ஆனால் 1.8தான் வருகிறது. இன்னும் 50 சேர்த்தால் 2.8. ஆக இந்த நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கு 0.2தான் எழுகிறது, தூய நீரில் எழுவதில் பாதி. முதல் முகடான 0.8ஐ 0.2ஆல் வகுத்தால் 4. உண்மை விடை 4. கருவி சொன்னது 2. மாதிரி நீரையே அளவுகோலாக்கிக்கொள்ளும் இந்த முறைக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். வெளிநீர் மாதிரிகளுக்கு நான் இதைத் தவிர வேறு முறையை ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நாம் சேர்க்கும் ஈயம் புதிதாக வந்து தனித்து நிற்கும் ஈயம். மட்கில் ஏற்கெனவே சிக்கிக் கிடப்பது அதைப் போல நடந்துகொள்ளாது. அதையும் எண்ண வேண்டுமானால், மாதிரியை அமிலத்தில் சூடாக்கியோ புறஊதா ஒளியில் வைத்தோ கரிமப் பொருளைச் சிதைத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

செம்பு இன்னொரு காரணம். செம்புக் குழாயில் இரவு முழுதும் நின்ற நீரைக் காலையில் முதல் சொட்டிலேயே பிடித்தால், அதில் செம்பு மிகுந்திருக்கும். அது பிஸ்மத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற முகடுகளை அமுக்கும். துத்தநாகத்தோடு கூட்டுலோகமாகி அதன் முகட்டையும் தின்றுவிடும். பெரோசயனைடு சிறிதளவு சேர்த்துச் செம்பை வீழ்படிவாக்கிப் பாருங்கள். துத்தநாகத்தை அளக்கும்போது காலியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பது பழைய வழி. செம்பு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி: காலையில் சரி, மதியத்துக்குள் குறைந்துகொண்டே வருகிறது

ஒரே பட்டையைப் பலமுறை பயன்படுத்தினால் பரப்பு அழுக்கேறும். பத்து அளவீட்டுக்கு ஒருமுறை திட்டக் கரைசலை இடையே வைத்துப் பாருங்கள். பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் பட்டையை மாற்றுங்கள்.

புதுப் பட்டையும் இறங்கினால் ஈரப்பதத்தை நினையுங்கள். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. திறந்த உறையைக் கிளிப் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தால் வெள்ளிக் கோடு கறுக்கும். சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உறையை உடனே பிரிக்கவும் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால் பட்டைமேல் நீர் பூக்காது.

குழாய்நீரில் மட்டும், முகடுகளுக்கு அடியில் ஓடும் அடிக்கோடு மேலேறி ஆடுகிறது என்றால், அது குளோரமின். நம் குடிநீரில் கிருமிநாசினியாக இருப்பது அதுதான். கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் போட்டால் அடங்கும். தயோசல்பேட் போடாதீர்கள், அது உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அயனித் தேர்வு மின்முனை வைத்திருப்பவர்களுக்கு

இது உலோகத்தைப் படியவைக்காமல், ஓர் அயனியின் செறிவை மின்னழுத்தமாகக் காட்டும் வேறு வகை. ஈயத்துக்கான இந்த மின்முனையில் ஈய சல்பைடும் வெள்ளி சல்பைடும் கலந்த படிகச் சவ்வு இருக்கும். செறிவு பத்து மடங்கு கூடும்போது 25 டிகிரியில் சுமார் 29.6 மில்லிவோல்ட் ஏற வேண்டும். 26, 27 வந்தாலும் ஏற்கலாம். 20க்குக் கீழே போனால் சவ்வின் மேல் பாதரசமோ வெள்ளியோ செம்போ பட்டிருக்கும். மெல்லிய மெருகுத் தாளில் தேய்த்துப் பாருங்கள், திரும்பவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. குளிரூட்டிய அறையில் 23 டிகிரியில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு, வெளியே 32 டிகிரியில் கால்வாய் ஓரம் நின்று அளப்பவர்கள் பலர். திட்டக் கரைசலையும் கூடவே எடுத்துப்போய் அங்கேயே செய்யுங்கள். குடிநீரின் எல்லை அளவுக்கு இந்த மின்முனை எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை, கழிவுநீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: நிறம் மாறும் சோதனைகள் பொய் சொல்கின்றன

பெயின்டிலும் பொம்மையிலும் ஈயம் தேடும் குச்சிகளில் பல, ரோடிசோனேட் என்ற சாயத்தை வைத்து வேலை செய்பவை. ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகும். பேரியம் பட்டால் ஆரஞ்சு நிறம் வரும். அதை ஈயம் என்று எண்ணிவிடக் கூடாது. சிவப்புப் பெயின்டில் தேய்த்தால் பெயின்டின் சாயமே குச்சியில் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட ஆபத்து, ஈயம் இருந்தும் நிறம் மாறாமல் இருப்பது. சுர்மா என்று விற்கும் கண்மைகள் சிலவற்றில் இருப்பது ஈய சல்பைடு. அந்தக் குச்சியில் உள்ள மென்மையான அமிலத்தில் அது கரையாது; கரையாத ஈயத்தைச் சாயம் பார்க்காது. தேக்கா கடைகளில் வாங்கிய கண்மையைக் குச்சியில் தேய்த்து நிறம் மாறவில்லை என்று குழந்தைக்குப் பூசுபவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கண்மைக்கும் சூரணத்துக்கும் இந்தக் குச்சி உதவாது. அமிலத்தில் முழுதும் கரைத்து ஆய்வகத்தில் அளப்பது ஒன்றே வழி.

நிறம் மாறும் இன்னொரு சோதனையில் பயன்படும் தங்க நுண்துகள் கரைசல் சிவப்பாக இருக்கும். தேடும் உலோகம் வந்து துகள்களை ஒன்றுசேர்த்தால் நீலமாகும். ஆனால் வெறும் உப்பும் அதையே செய்யும். கடல்நீரை ஊற்றியதும் நீலமாகிவிட்டதா? உலோகமே இல்லாத, அதே உப்பளவுள்ள நீரை ஊற்றிப் பாருங்கள். பாதரசத்தைத் தேட ரோடமின் சாயத்தில் செய்த ஒளிரும் சோதனைப்பொருள் அமிலத்திலேயே ஒளிர்ந்துவிடும். நைட்ரிக் அமிலம் இட்ட மாதிரியை நடுநிலையாக்காமல் அதில் ஊற்றினால் எல்லா நீரும் பாதரச நீராகத் தெரியும்.

ஆர்சனிக் கிட்டில் தாள் மஞ்சளாவதற்கு ஹைட்ரஜன் சல்பைடும் காரணமாகலாம். அழுகிய முட்டை வாடை வந்தால், குழாயில் வைத்திருக்கும் ஈய அசிட்டேட் பஞ்சைப் பாருங்கள். முழுதும் கறுத்திருந்தால் அது இனி எதையும் தடுக்காது, மாற்றுங்கள். இந்தச் சோதனையில் எழும் ஆர்சைன் வாயு கொடிய நஞ்சு. புகைபோக்கியின் அடியில் அல்லது திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். மின்முனையில் அளப்பவர்கள் இன்னொன்றை நினைவில் கொள்ளவும்: தங்க மின்முனை எளிதில் காண்பது மூன்று இணைதிற ஆர்சனிக்கை; ஐந்து இணைதிறம் அதன் கண்ணில் எளிதில் படாது. குளோரின் பட்ட நீரில் பெரும்பகுதி ஐந்தாக மாறியிருக்கும், ஆகவே முதலில் அதை மூன்றாகக் குறைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

பாதரசத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஆவியாகிச் சுவர் வழியே தப்பிவிடும். கண்ணாடி அல்லது டெஃப்லான்.

அளந்து முடித்த பின்

திரையில் 0.3 என்று வந்தால் உடனே எழுதாதீர்கள். வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து, அந்த எண்களின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வால் வகுங்கள். அதுதான் உங்கள் கருவி பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவு. அது 4 என்று வந்தால் ஈயத்தின் 10ஐக் கண்டுபிடிக்கலாம். காட்மியத்தின் 3ஐக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்போது காட்மியத்துக்கு எதிரே "பூஜ்யம்" என்று எழுதுவது பொய்யாகிவிடும். "4க்குக் கீழ்" என்று எழுதுங்கள்.

துவாஸ் தம்பி அப்படித்தான் எழுதினார். அமைப்பைச் சரிசெய்து, சனிக்கிழமை காலையில் பதினாறையும் மறுபடி அளந்தார். இரண்டில் ஈயம் வந்தது. அந்த இரண்டு பாட்டிலையும் தனியே ஒதுக்கி, முத்திரை ஒட்டி, மேலதிகாரியிடம் கொடுத்தார். அளந்து மீந்த அமிலக் கரைசல்களையும் பயன்படுத்திய பட்டைகளையும் தொட்டியில் கொட்டாமல், உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளருக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டு மூடினார்.